முதுகலையில் நிதியும் கணக்கியலும்: செட்டிநாட்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பி.காம். முடித்துவிட்டேன். எம்.காம்., எம்.பி.ஏ. ஃபைனான்ஸ், சி.ஏ., சி.எம்.ஏ. இவற்றில் எதில் சேர்வது?

எந்த நாற்காலியில் உட்கார ஆசை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். படிப்பு அதற்குப் பின்னால் தானாக வரும்.

கல்லூரியில் பாடம் நடத்தவோ ஆராய்ச்சி செய்யவோ விருப்பம் என்றால் எம்.காம். மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர் ஆவதற்கு எம்.காம். உடன் பி.எட். வேண்டும். பி.காம். முடித்து எம்.பி.ஏ. போனவர்கள் பிறகு முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் திகைக்கிறார்கள். அங்கே இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும்.

கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திடும் உரிமை சி.ஏ.வுக்கு மட்டுமே உண்டு. எத்தனை எம்.காம். படித்தாலும் அது கிடைக்காது. பி.காம்.-ல் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் என்ற முதல் நிலையை எழுதாமல் நேரே இரண்டாம் நிலையான இன்டருக்குப் பதிவு செய்யலாம். வேறு பட்டம் என்றால் 60 சதவீதம் வேண்டும். இன்டரில் இரண்டு குரூப், ஆறு பேப்பர். ஃபைனலும் அப்படியே. ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் எடுக்கும் பயிற்சி, இப்போது இரண்டு வருடம். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் என்பது தேர்ச்சி விதி. மூன்று பேப்பரிலும் 45, 45 என்று எடுத்தவர் குரூப்பில் பெயில். கல்லூரியில் 'பாஸானால் போதும்' என்று படித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.

ஆலை, உற்பத்தி, அடக்கவிலை இவற்றில் நாட்டம் இருந்தால் சி.எம்.ஏ. பட்டதாரிகள் நேரே இன்டரில் சேரலாம். இன்டரில் எட்டு பேப்பர், ஃபைனலில் எட்டு. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு.

எம்.பி.ஏ.வின் மதிப்பு அது எந்தக் கல்லூரி என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதி நல்ல இடம் கிடைத்தால் போகலாம். வளாக நேர்காணலுக்கு நாலு கம்பெனிகூட வராத இடத்தில் லட்சக்கணக்கில் கட்டிப் படிப்பதைவிட, அரசுக் கல்லூரியில் எம்.காம். படித்துக்கொண்டே சி.எம்.ஏ. எழுதுவது மேல்.

வங்கி வேலைதான் குறி. அதற்கு எம்.காம். தேவையா?

தேவையில்லை. பொதுத்துறை வங்கிகளுக்காக நடக்கும் ஐ.பி.பி.எஸ். அதிகாரி தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். வயது 20 முதல் 30 வரை. தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் 'சும்மா இருக்க வேண்டாமே' என்று எம்.காம். சேர்பவர்கள் இரண்டையும் அரைகுறையாக விடுவதே வழக்கம். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் 1937-ல் தொடங்கப்பட்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி உட்பட, எந்தப் பொதுத்துறை வங்கியும் அதிகாரி தேர்வில் முதுகலைக்குத் தனி மதிப்பெண் கொடுப்பதில்லை.

எங்கள் ஊர் பொன்னமராவதிப் பக்கம். காரைக்குடித் தோழியின் நோட்ஸ் எனக்குப் பயன்படுமா?

பாதி பயன்படும். செட்டிநாடு ஒன்றுதான் என்றாலும் நிர்வாகத்தில் அது இரண்டு மாவட்டம். சிவகங்கை மாவட்டத்துக் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பவை பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் இன்னும் மாறும். அடிப்படை ஒன்றே, அலகுகளின் வரிசையும் எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் வருகிறது என்பதும்தான் வேறு. நோட்ஸ் வாங்குமுன் பாடக் குறியீட்டையும் பாடத்திட்ட ஆண்டையும் ஒத்துப் பாருங்கள்.

பி.காம்.-ல் படித்ததே திரும்ப வருகிறதே, எம்.காம்.-ல் புதிதாக என்ன இருக்கிறது?

தலைப்புகள் பழையவை, கேள்வி புதியது. இளங்கலையில் பதிவு போடத் தெரிந்தால் போதும். முதுகலையில் அந்தப் பதிவால் இலாபம் எந்த வருடம் கூடுகிறது, எந்த வருடம் குறைகிறது என்று சொல்ல வேண்டும்.

குத்தகையைப் பாருங்கள். ஒரு பெரிய கம்பெனி காரைக்குடி செக்காலை ரோட்டில் ஷோரூம் எடுக்கிறது. ஐந்து வருட ஒப்பந்தம், வருடக் கடைசியில் வாடகை ரூ.1,00,000, வட்டி வீதம் 10 சதவீதம். பி.காம். பாணியில் வருடா வருடம் வாடகைச் செலவு ஒரு லட்சம் என்று எழுதி முடித்துவிடுவோம். 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த்-ஏஎஸ் 116 என்ற இந்தியக் கணக்கியல் தரநிலை அப்படி விடாது. ஐந்து வருட வாடகையின் இன்றைய மதிப்பு ரூ.3,79,079. அது ஒரு பக்கம் பயன்பாட்டு உரிமைச் சொத்து, மறுபக்கம் குத்தகைக் கடன். முதல் வருடம் தேய்மானம் 75,816, வட்டி 37,908, ஆக மொத்தச் செலவு 1,13,724. ஐந்தாம் வருடம் அதே கூட்டுத்தொகை 84,907-தான். ஐந்து வருடத்தையும் கூட்டினால் பழையபடி ஐந்து லட்சமே வரும். மொத்தம் மாறவில்லை, முன்வருடங்களின் இலாபம் குறைந்திருக்கிறது. ஐந்தொகையில் கடன் ஏறி, கடன்-பங்கு விகிதம் கெட்டிருக்கிறது. விடைத்தாளில் இந்தக் கடைசி இரண்டு வரி இருக்கிறதா என்றுதான் திருத்துபவர் தேடுவார்.

இங்கே வழக்கமான பிழை இரண்டு. முதல் தவணை வருடத் தொடக்கத்திலா கடைசியிலா என்று பார்க்காமல் இன்றைய மதிப்பு அட்டவணையைத் திறப்பது ஒன்று. தேய்மானத்தை ஐந்து லட்சத்தின் மேல் போடுவது இன்னொன்று.

எனக்குக் கணிதம் வராது. நிதி மேலாண்மையைச் சமாளிக்க முடியுமா?

வகுத்தல், பெருக்கல், அடுக்கு தெரிந்தால் போதும். வட்டி புரிய வேண்டும், அவ்வளவுதான். அது இந்த மண்ணில் யாருக்கும் புதிதல்ல.

ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். தனிவட்டியில் வருடத்துக்கு 24 சதவீதம். மாதா மாதம் வட்டியை முதலோடு சேர்த்தால் 26.82 சதவீதம். தேர்வில் 'பயனுறு வட்டி வீதம்' என்று கேட்பது இதைத்தான்.

இன்னொன்றும் பழகிக்கொள்ளுங்கள். லட்ச ரூபாய் கடன், '12 சதவீதம் ஃப்ளாட்', 12 மாதத் தவணை என்கிறார்கள். மாதம் 9,333 ரூபாய். மாதா மாதம் அசல் குறைகிறது, வட்டியோ முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. உண்மை வீதம் ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீதம். எக்செலில் ரேட் சூத்திரத்தில் 12, -9333, 100000 என்று கொடுத்து, வருவதை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். இந்த ஒரு கணக்கு புரிந்தால் ஐ.ஆர்.ஆர். என்ற உள் வருவாய் வீதம் புரிந்துவிட்டது.

எக்செலிலேயே ஒரு பொறி இருக்கிறது. பத்து லட்சம் முதலீடு, ஐந்து வருடம் வருடத்துக்கு மூன்று லட்சம் வரவு, தள்ளுபடி வீதம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சரியான நிகர இன்றைய மதிப்பு ரூ.81,433. முதலீட்டையும் என்.பி.வி. சூத்திரத்தின் அடைப்புக்குள்ளேயே போட்டால் 72,708 வரும். அந்தச் சூத்திரம் முதல் எண்ணையும் ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்வதே காரணம். வருட வரவுகளை மட்டும் உள்ளே கொடுத்து, முதலீட்டை வெளியே கழியுங்கள். ப்ராஜெக்ட் அறிக்கைகளில் இந்தத் தவறு சாதாரணமாகக் கிடக்கிறது.

காஸ்டிங்கில் இயல்பு நட்டம், அசாதாரண நட்டம் எப்போதும் குழம்புகிறது.

ஆத்தங்குடிக் கல்லை வைத்துப் பார்ப்போம். கண்ணாடித் தட்டில் நிறக்கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் வேலை. சில கற்கள் விரிசல் விட்டே தீரும். எண்கள் நாம் வைத்துக்கொண்டவை: 1,000 கல்லுக்கு மொத்தச் செலவு ரூ.48,000. நூற்றுக்கு நாலு உடைவது வாடிக்கை. உடைந்ததற்கு விலை கிடையாது. இந்தத் தடவை நல்ல கல்லாகத் தேறியது 930.

வாடிக்கையான 40 கல்லின் செலவை நல்ல கல்தான் சுமக்க வேண்டும். ஆகவே 48,000-ஐ 960-ஆல் வகுங்கள், கல்லுக்கு ரூ.50. தேறிய 930 கல் ரூ.46,500-க்கு அடுத்த நிலைக்குப் போகும். மீதி 30 கல் அசாதாரண நட்டம். ரூ.1,500 நேரே இலாப நட்டக் கணக்குக்குப் போகும், விலையில் ஏறக்கூடாது.

1,000-ஆல் வகுத்தால் ரூ.48 வரும். உடைவதே இல்லை என்ற பாவனை அது. 930-ஆல் வகுத்தால் ரூ.51.61. யாரோ கவனக்குறைவாக உடைத்ததை வாங்குபவர் தலையில் கட்டும் வேலை. எதனால் வகுக்கிறோம் என்பதுதான் இந்தப் பாடமே.

வரிச் சட்டத்துக்குச் சீனியரின் பழைய புத்தகம் போதுமா?

போதாது. மற்ற எந்தப் பாடத்துக்கும் பழைய புத்தகம் வாங்கலாம், வரிக்கு மட்டும் கூடாது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம் 2025 வந்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவுகள் 536. எண்களெல்லாம் மாறிவிட்டன. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற இரட்டைக்குப் பதில் 'வரி ஆண்டு' என்று ஒன்றே. ஜி.எஸ்.டி.யிலும் 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5, 18, 40 என்று நகர்ந்துவிட்டன. உங்கள் தேர்வு எந்த ஆண்டுச் சட்டத்தைக் கேட்கிறது என்று ஆசிரியரிடம் உறுதி செய்துகொண்டு புத்தகம் வாங்குங்கள்.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கும்போதே எம்.காம். படிக்கலாமா?

ரெகுலரில் முடியாது, வகுப்பு நேரமும் ஆபீஸ் நேரமும் மோதும். தொலைநிலையில் படிக்கலாம். ஆனால் சி.ஏ. நிறுவனத்துக்குப் படிவம் 112 கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அதைக் கொடுக்காமல் சேர்ந்துவிட்டு, கடைசியில் பயிற்சிக் காலத்தில் கை வைத்துவிடுவார்களோ என்று பதறுவது வேண்டாத வேலை.

தொலைநிலைப் பட்டம் செல்லுமா?

யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் ரெகுலர் பட்டத்துக்குச் சமம். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கும், நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு அந்த வருடம் இல்லாமல் போகலாம். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப்-இன் இணையதளத்தில் வருடவாரியாகப் பட்டியல் இருக்கிறது. சேர்வதற்கு டெப்-ஐடி கட்டாயம். அதற்கு முன் கல்விக் கிரெடிட் வங்கியின் ஏபிசி-ஐடி எடுத்திருக்க வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் இனிஷியலில் வேறுபட்டால் அங்கேயே சிக்கும். அட்மிஷன் கடைசி வாரம் வரை இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பிளஸ் டூ வரை தமிழ்வழி. முதுகலையில் ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறுகிறேன்.

கணக்கு வினாக்களில் மொழி குறைவு. தடுமாற்றம் கோட்பாட்டு வினாக்களில் வரும். பத்தி பத்தியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு அலகுக்கும் முப்பது கலைச்சொல்லைத் தமிழில் விளக்கம் எழுதிப் பழகுங்கள். தமிழில் சொல்லத் தெரியாதது ஆங்கிலத்தில் புரிந்திருக்காது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராஜெக்டுக்கு நல்ல தலைப்பு சொல்லுங்கள்.

எது வேண்டாம் என்பதிலிருந்து தொடங்கலாம். 'வாடிக்கையாளர் மனநிறைவு: நூறு பேரிடம் ஆய்வு' வேண்டவே வேண்டாம். தோழிகளிடம் கூகுள் படிவம் நிரப்பி வாங்கி, சதவீதம் போட்டு, கை-வர்க்கச் சோதனையில் (chi-square) முடித்து, 'சேவையை மேம்படுத்தலாம்' என்று பரிந்துரைக்கும் அறிக்கையை வைவாவில் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதிலும் எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இருக்கும் கட்டங்களை வைத்துக்கொண்டே அந்தச் சோதனையை ஓட்டியிருப்பார்கள்.

வங்கிகளின் ஐந்து வருட விகிதப் பகுப்பாய்வு எடுக்கலாம். ஆனால் வங்கிக்கு நடப்பு விகிதம் கணக்கிடாதீர்கள், பொருளே இல்லை. மூலதனப் போதுமை, நிகர வாராக்கடன், நிகர வட்டி வரம்பு இவைதான் வங்கியைப் பேசும் எண்கள். இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1-ல் இணைந்தது. அதற்கு முந்தைய வருடத்தையும் பிந்தைய வருடத்தையும் பக்கத்தில் வைத்து 'அபார வளர்ச்சி' என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று, வங்கிகள் இன்னும் இந்த்-ஏஎஸ்-க்கு மாறவில்லை. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் 2018-லிருந்து படிப்படியாக மாறின. வங்கியையும் தங்கநகைக் கடன் நிறுவனத்தையும் ஒப்பிடும்போது இலாபம் ஒரே அளவுகோலில் இருக்காது.

உள்ளூரிலேயே நல்ல சரக்கு இருக்கிறது. நாட்டுக்கோட்டை வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றினால் முதலீடு எத்தனை வருடத்தில் திரும்பும்? கூரையும் தேக்கும் பராமரிக்க வருடா வருடம் ஆகும் செலவை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். சீசனில் நிரம்பும் அறை சித்திரை வெயிலில் காலியாகக் கிடக்கும்; பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே நிரம்பல் வீதம் வைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்ட வீட்டில் வாடகை வந்தால் வரி யாருக்கு? பங்கு திட்டமாகத் தெரிந்திருந்தால் அவரவர் பங்கு அவரவர் வருமானத்தில் சேரும், மொத்தமாக ஒரு குழுவாக வரி போட மாட்டார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையில், நூல் வாங்குவதிலிருந்து சேலைக்குப் பணம் கைக்கு வரும் வரை எத்தனை நாள் முதல் முடங்குகிறது என்பது இன்னொரு தலைப்பு. நாலு நெசவாளர்களின் பில்லை முழுதாகப் பார்த்தால்கூடப் போதும், நூறு படிவத்தைவிட அது கனமான ஆய்வு.

வீட்டில் ஐயா காலத்து வட்டிக்கடைப் பேரேடுகள் இருக்கின்றன. ஆய்வுக்கு ஆகுமா?

தாராளமாக. பழைய பொருள் வாங்க வருபவரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எம்.காம். ப்ராஜெக்டுக்கும் ஆகும், பிஎச்.டி.க்கும் ஆகும். படிக்கத்தான் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

எண்கள் தமிழ் எண்கள். ௨௱௫௰ என்றிருந்தால் 250. ஒன்று 'க' போலவும், ஏழு 'எ' போலவும், எட்டு 'அ' போலவும் இருக்கும். பக்கத்தின் தலையில் தனியாக நிற்கும் 'உ' பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று கூட்டிவிட வேண்டாம். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை (pie). எக்செலில் ஏற்றும்போது எல்லாவற்றையும் பை கணக்குக்கு மாற்றி (ரூபாய்க்கு 192) கூட்டிவிட்டுத் திருப்பி ரூபாயாக்குங்கள். அணாவைப் புள்ளிக்குப் பின்னால் போட்டு 5.12 என்று எழுதினால் மொத்தமும் பாழ்.

தேதி தமிழ் வருடப் பெயரில் இருக்கும். பிரபவ என்றால் 1927-28; அறுபது வருடம் முன்னாலும் ஒரு பிரபவ உண்டு. எந்த ஊர்க் கடை, அப்போது யார் மேலாள் என்பதை வைத்துத்தான் சுற்றைத் தீர்மானிக்க முடியும்.

பினாங்கு, சிங்கப்பூர்க் கடை என்றால் கணக்கு வெள்ளியில், அதாவது அங்கத்திய டாலரில். அந்த வெள்ளி 1906-லிருந்து இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ். இந்திய ரூபாயோ முதல் உலகப்போர் வரை ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ், 1927-லிருந்து ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். அதாவது வெள்ளிக்கு முன்பு ஒன்றே முக்கால் ரூபாய், பின்பு சுமார் ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். இடைப்பட்ட வருடங்களில் ரூபாய் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லா வருடத்துக்கும் ஒரே மாற்று வீதம் போட்டால் இல்லாத இலாபம் தெரியும்.

முதல்பணமும் மேல்பணமும் கலந்துவிடக் கூடாது. முதல்பணம் பங்குதாரர் போட்ட மூலதனம். மேல்பணம் அதற்கு மேல் உறவுமுறையார் வட்டிக்கு விட்டு வைத்தது, ஆகவே பொறுப்பு. ஒரே ஆளின் பெயரில் இரண்டும் இருக்கும். இரண்டையும் மூலதனம் என்று கூட்டினால், கடனில் ஓடிய கடை சொந்தப் பணத்தில் ஓடியதாகிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க 1929-30 பர்மா வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையும் அதே காலத்து சென்னை மாகாணக் குழுவின் அறிக்கையும் உதவும். கோட்டையூரில் சேர்ந்த தொகுப்பிலிருந்து பிறந்த ரோஜா முத்தையா நூலகம் இப்போது சென்னையில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஒரு கண்டிப்பு: கடன் வாங்கியவர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அறிக்கையில் பெயரை மாற்றி எண்ணாகப் போடுங்கள். பங்காளிகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் பேரேட்டைப் படம் எடுக்காதீர்கள்.

நெட் தேர்வுக்கு எப்போது தொடங்கலாம்?

இரண்டாம் பருவத்திலேயே. வணிகவியலின் குறியீடு 08, அலகுகள் பத்து. முதல் தாள் 50 வினா, இரண்டாம் தாள் 100 வினா, வினாவுக்கு இரண்டு மதிப்பெண், சேர்த்து மூன்று மணி நேரம். தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே ஒன்றையும் விடாதீர்கள். எம்.காம்.-ல் 55 சதவீதம் வேண்டும், ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, திருநருக்கு 50. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் ரூ.37,000. பலரும் சந்தைப்படுத்தல், மனிதவளம் என்று சுலபமான அலகுகளையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். கட் ஆஃப்பைத் தாண்ட வைப்பது புள்ளியியலும் சர்வதேச வணிகமும்.

டேலி கோர்ஸ் தனியாகச் சேரவா?

மூன்று மாதக் கட்டணம் கட்டுமுன், ஊரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கோடை விடுமுறைக்கு உட்காருங்கள். ஜி.எஸ்.டி. ஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவத் தாக்கலுக்கு முன் விற்பனைப் பில்களை ஒத்துப் பார்ப்பது, வங்கி அறிக்கையோடு ரொக்க ஏட்டைச் சரிக்கட்டுவது இரண்டும் கைவந்தால் டேலி தானே வந்துவிடும். பதிவு போட மென்பொருள் சொல்லித் தரும். எதில் சேர்ப்பதென்று தெரியாமல் சஸ்பென்ஸ் கணக்கில் நிற்கும் 4,320 ரூபாய் யாருடையது என்று கண்டுபிடிக்க அது சொல்லித் தராது.